பலூன் வண்டியும் தவிட்டுக் கோடுகளும்

எங்கள் பிக்கப் வண்டி எங்களிடம் வருவதற்கு முன்பு ஓர் அரிசி வியாபாரியிடம் பத்து வருடம் மூட்டை சுமந்திருந்தது. அவர் பின்பக்கத்து ஸ்பிரிங்கில், ஏற்கெனவே இருந்த பட்டைகளோடு இன்னும் இரண்டைக் கூடுதலாகச் சேர்த்து இறுக்கி வைத்திருந்தார். எத்தனை மூட்டை ஏற்றினாலும் வண்டி அதிகம் குனியாது. ஆனால் பாரம் குறைந்தால் சின்னப் பள்ளத்துக்கும் குதிக்கும். அரிசிக்கு அது வலிக்காது. என் கணவர் ஏற்றுவதோ தறி.

ஆரணியில் எப்போதும் யாராவது தறியை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வாடகை வீடு மாறுவார்கள், அண்ணன் தம்பி பாகம் பிரிவார்கள், ஊருக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு போவார்கள். தறியின் கட்டைகளைக் கழற்றி ஏற்றுவது பெரிய வேலை இல்லை. தறியில் பாதி நெய்த புடவை இருந்தால்தான் சங்கடம். அதை யாரும் அறுக்க மாட்டார்கள். நெய்த பாகம் ஓர் உருட்டு மரத்திலும் நெய்யாத பாவு நூல் இன்னொரு பக்கமும் சுற்றியிருக்க, நடுவே ஆயிரக்கணக்கான இழைகளைக் கோத்தது கோத்தபடி வேட்டியில் பொதிந்து, வண்டிக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டு எடுத்துப் போக வேண்டும். வண்டி குதித்தால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கி அறும்.

போன மழைக்காலத்தில் அப்படி ஒரு பாவு அறுந்தது. அந்த வீட்டுக்காரர் என் கணவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறக்கி வைத்த இடத்திலேயே உட்கார்ந்து ஒவ்வோர் இழையாகப் பிணைக்க ஆரம்பித்துவிட்டார். இவர் பொழுது சாயும்வரை அங்கேயே நின்றிருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றும்போதே சொன்னார்:

"கூட கீற பட்டைய கழட்டிட்டு பலூன் போட்டுடலாம்னு கீறேன்."

பலூன் என்று அவர்கள் சொல்வது ஏர் சஸ்பென்ஷனை. பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸிலுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாகத் தடித்த ரப்பர் பை. பாரம் ஏற்றினால் காற்றைக் கூட்டலாம், இறக்கினால் குறைக்கலாம். பெரிய பேருந்துகளில் இருப்பது. பழைய பிக்கப்புக்கும் கிடைக்கிறது என்று யாரோ சொல்லி, இவர் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

பெட்டி வந்ததும் உள்ளே ஆங்கிலத்தில் எட்டாக மடித்த ஒரு தாள் இருந்தது. "நீதான் படிச்சவ, இன்னா போட்டுகீறான்னு பாரு" என்று என்னிடம் நீட்டினார். நான் பி.எஸ்சி. இயற்பியல். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தேன், குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டேன். அதன்பிறகு இந்த வீட்டில் என் படிப்பைக் கேட்டு ஒரு தாள் வந்தது அதுதான் முதல் முறை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தேன். காற்றுக் குழாய் சைலன்சர் பக்கத்தில் போகக் கூடாது. பையில் காற்றே இல்லாமல் ஓட்டக் கூடாது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பத்தி: பாரத்துக்கு ஏற்ப பிரேக்கை மாற்றும் வால்வு பின் ஆக்ஸிலோடு இணைந்திருக்கும் வண்டிகளில், பலூன் பொருத்திய பிறகு அதன் அமைப்பைச் சரிபார்க்க வேண்டும். அதன் கீழே மட்டும் பென்சிலால் கோடு போட்டேன்.

பலூன் போட்டது பாய் கடையில். ஊரின் ஓரத்தில், அரிசி ஆலையை ஒட்டிய தகரக் கொட்டகை. மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். என் மாமனார் சைக்கிளில் போன காலத்திலிருந்து வண்டிக்கு அடியில் படுப்பவர். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தாளையும் எடுத்துக்கொண்டு போனேன். போக வேண்டுமா என்று வாசல்படியில் இரண்டு முறை யோசித்தேன். ஆம்பளைங்க வேலை செய்கிற இடத்தில் நமக்கென்ன என்று ஒரு பக்கம் இருந்தது. தாளைப் படித்தது நான்தானே என்று இன்னொரு பக்கம்.

குழாய் சைலன்சருக்குப் பக்கத்தில் போவதைப் பார்த்துச் சொன்னேன். பாய் எட்டிப் பார்த்து, "அட, ஆமா" என்று மாற்றிவிட்டார். "எஞ்சினியரம்மா வந்துட்டாங்க, இனி நமக்கு இன்னா கவலை" என்றார். எனக்கு முகம் சிவந்தது, சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தத் தைரியத்தில் பென்சில் கோடு போட்ட பத்தியையும் படித்துச் சொன்னேன்.

"அதெல்லாம் வெளிநாட்டு வண்டிக்கும்மா" என்றார் பாய், ஸ்பானரிலிருந்து கண்ணை எடுக்காமல். "நம்ம வண்டிக்கு பிரேக்குன்னா மிதிச்சா நிக்கும். அவ்ளதான்."

இவர் சிரித்தார். நான் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டேன். ஏன் அப்படி மடித்தேன் என்று இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்வதுண்டு.

மறுநாள் காலையில்தான் முதல் சவாரி. எங்கள் தெருவிலேயே தறி நெய்யும் ஓர் அக்கா, படவேட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் சொந்த வீடு கட்டியிருந்தார். இரண்டு தறி, இரண்டிலும் பாதி நெய்த முகூர்த்தப் புடவை. தன் தறி ஏறப்போகிற வண்டியைப் பார்க்க அவரும் கொட்டகைக்கு வந்திருந்தார். அந்தப் பாதை எனக்குத் தெரியும். குழந்தைக்கு மொட்டை போட ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போனது அந்த வழியில்தான். மலைப் பக்கம் திரும்பியதும் ஓர் இறக்கம், இறக்கம் முடிகிற இடத்தில் வளைவு, வளைவில் ஒரு குறுகிய பாலம். இவர் சீட்டில் இருப்பார், அக்கா பக்கத்தில் இருப்பார், அவர்கள் முதுகுக்குப் பின்னால் அத்தனை பாரமும் இருக்கும்.

மதியம் வேலை முடிந்தது. பாரம் ஏற்றிப் பார்க்க ஆலையிலிருந்து இருபது மூட்டை அரிசி கேட்டு வாங்கி ஏற்றினார்கள். பழைய பட்டைகள் இல்லாததால் வண்டியின் பின்பக்கம் நன்றாக உட்கார்ந்துவிட்டது. பாய் காற்றடிக்க ஆரம்பித்தார். பின்பக்கம் மெல்ல எழுந்தது. எழுந்து, பாரமே இல்லாத வண்டியைப் போல மட்டமாக நின்றது.

"மாப்ள மாதிரி நிக்குதுப்பா!" என்றார் மூட்டை தூக்கிய ஒருவர்.

"நீ மாப்ளையா நின்னப்ப இப்பிடியா நின்ன? கால் நடுங்கிகினு நின்ன" என்றார் இன்னொருவர்.

இவர் தள்ளிப் போய் நின்று போனில் படம் எடுத்தார். பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. அப்படி மலர்ந்த முகத்தை நான் அடிக்கடி பார்த்ததில்லை. பாய் கடையில் எலுமிச்சம்பழம் எப்போதும் இருக்கும். வேலை முடிந்த வண்டிக்கு அவரே எடுத்துக் கொடுப்பார். நான்கு டயருக்கும் முன்னால் நான்கு பழம் வைத்தாயிற்று. ஏறி நசுக்கிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்போது குழந்தை தன் செருப்பைக் கழற்றி வண்டிக்கு அடியில் வீசினாள். எடுக்கக் குனிந்தேன். ஆக்ஸிலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி மேலே போய், சட்டத்தில் பொருத்திய கைப்பிடியளவு பெட்டி ஒன்றில் முடிந்தது. அந்தப் பெட்டியிலிருந்து பிரேக் குழாய்கள் பின்சக்கரங்களுக்குப் போயின. செருப்பைப் பிடித்தபடி அப்படியே குந்திக்கொண்டிருந்தேன்.

பொடி எழுத்தில் சொன்னது இதைத்தான். தன் முதுகில் எவ்வளவு பாரம் என்று வண்டிக்குத் தெரிவதற்கு ஒரே வழி, பின்பக்கம் எவ்வளவு குனிந்திருக்கிறது என்பது. குனிந்தால் கம்பி அந்தப் பெட்டியைத் தள்ளும், பின்சக்கரத்துக்கு பிரேக் கூடுதலாகப் போகும். குனியாவிட்டால் வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். நாம் இருபது மூட்டையை ஏற்றிவிட்டு, குனியாமல் தூக்கி நிறுத்தியிருக்கிறோம். மட்டமாக நிற்கிற அழகேதான் அதை ஏமாற்றுகிறது.

எழுந்து, குழந்தைக்குச் செருப்பை மாட்டியபடி தயங்கினேன். என் கதை எனக்குத் தெரியும். குழந்தை ஒரு மணி நேரம் அதிகமாகத் தூங்கியதற்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். கேஸ் மூடினேனா என்று சந்தேகப்பட்டு, போளூர் பேருந்திலிருந்து பாதி வழியில் இறங்கித் திரும்பியவள். மூடித்தான் இருந்தது. இதுவும் அப்படி ஒன்றோ? இத்தனை பேருக்கு நடுவில், இவர் சிரித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் சொல்லி, ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்? ஆனால் அந்தப் பாலம் கண்ணை விட்டுப் போகவில்லை.

"என்னங்க, பாப்பாவுக்குத் தண்ணி குடுக்கணும், கொஞ்சம் வர்றீங்களா?" என்றேன். எங்கள் பக்கம் ஆள் நடுவில் கணவரோடு பேச வேண்டுமென்றால் இதுதான் வழி. கொட்டகைக்குப் பின்னால் வந்ததும் சொன்னேன்.

"பாய் காலைலயே சொல்லிட்டாரே. திரும்பவும் இன்னாத்துக்கு?"

"நான் கண்ணால பாத்துட்டேங்க. கம்பி இருக்குது."

"பழம் வெச்சாச்சு. அக்கா நின்னுகினு கீறாங்க. இப்பப் போயி பிரேக் புடிக்காதுன்னா நம்மள இன்னா நெனப்பாங்க?"

"இப்ப நெனச்சா பரவால்லங்க. நாளைக்கு எறக்கத்துல நெனச்சா?"

அவரிடம் இப்படி நான் பேசியதே இல்லை. அவர் திரும்பி வண்டியைப் பார்த்தார். தண்ணீர் எடுக்க வந்த அக்காவுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"இன்னாவாம்மா?" என்றார்.

சொன்னேன். அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, எங்களையும் கூட்டிக்கொண்டு கொட்டகையின் முன்பக்கம் வந்தார். "என் தறிதானே போவுது. நானும்தானே போறேன். பாத்துட்டே போவலாம். பாய், ஓட்டிப் பாக்கறதுல இன்னா பேஜாரு?"

"பேஜார் ஒண்ணும் இல்லக்கா" என்று பாய் எழுந்தார். டயருக்கு முன்னாலிருந்த பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "வெச்ச பழத்த எடுக்கலாமா?" என்று மூட்டைக்காரர் கேட்டார். "எடுத்தது நானு. வந்தா என் தலைக்கு வரட்டும்" என்றார் பாய்.

ஆலைக்குப் போகிற பாதை நேராக இருக்கும், அந்த நேரத்தில் வண்டி எதுவும் வராது. ஆலை வாசலில் சிந்தியிருந்த தவிட்டை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு போய்ப் பாதையின் குறுக்கே ஒரு கோடு போட்டேன். முன்சக்கரம் கோட்டைத் தொட்டதும் பிரேக் மிதிக்க வேண்டும், வேகம் நாற்பது, ஆள் யாரும் குறுக்கே வரக் கூடாது. இதையெல்லாம் நான் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

இவர் ஓட்டினார். வண்டி கோட்டைத் தாண்டி, மூக்கு தரையைத் தொடுவது போலக் குனிந்து, தள்ளிப் போய் நின்றது. அக்கா கோட்டிலிருந்து நடந்து அளந்தார். தெருவில் பாவை நீட்டி இழை பிணைக்கும்போது அதன் ஓரமாகவே வருடக்கணக்கில் நடந்த கால்கள். ஒரு தப்படி கூடாது, குறையாது. இருபத்தைந்து தப்படி.

அடுத்து பலூனில் காற்றை இறக்கச் சொன்னேன், பெயருக்குக் கொஞ்சம் மட்டும் விட்டு. அதே மூட்டை, அதே வேகம், அதே கோடு. வண்டி பின்னால் உட்கார்ந்தபடி வந்து, கோட்டைத் தாண்டி நின்றது. அக்கா நடந்தார். பதினாறு.

 அக்கா அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் நின்று, அந்த ஒன்பது தப்படியைத் திரும்பவும் நடந்து பார்த்தார்.

"ஒரு பொடவ நீளம்" என்றார். "ஒரு முழுப் பொடவ நீளம் தள்ளிப் போயி நிக்குது."

எனக்கு அப்போதும் சந்தேகம். முதல் தடவை இவர் மெதுவாக மிதித்திருக்கலாம் அல்லவா? "பாய், இன்னொரு வாட்டி நீங்க ஓட்டுங்க" என்றேன். மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. காற்றை ஏற்றி ஒரு முறை, இறக்கி ஒரு முறை அவரே ஓட்டினார். தவிட்டுக் கோட்டை அழித்துப் புதிதாகப் போட்டேன். இருபத்தாறு, பதினாறு.

பாய் இறங்கி, ஒரு கோணியை விரித்து வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். கம்பியை அசைத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. அங்கிருந்தே குரல் வந்தது.

"எம்மா, அந்தத் தாள்ல எழுதினத இன்னொரு தபா படி."

படித்தேன். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தித் தமிழில் சொன்னேன். வெளியே வந்தபோது அவர் முகமெல்லாம் கரி.

"முப்பது வருசமா இந்தக் கம்பியப் பாத்துகினு கீறேன். பட்டைய ஏத்தும்போதுகூட இத நெனச்சதில்ல. தப்பு என்னுதும்மா" என்றார். அத்தனை பேருக்கு முன்னால், ஒரு சுற்றும் வளைக்காமல். அவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

சரி செய்வதற்கு ஒரு விலை இருந்தது. கம்பியின் நீளத்தை முழுவதும் மாற்றி வைத்தால், பாரம் ஏற்றியபோது நன்றாகப் பிடிக்கும். காலியாக வரும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். பாய் அதை விரலால் காட்டி விளக்கினார். ஆகவே கம்பியைக் கொஞ்சம் மாற்ற வேண்டும், காற்றையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். பாரம் ஏற்றினால் வண்டி மட்டமாக நிற்காது. இரண்டு விரல் அளவு பின்னால் உட்கார்ந்திருக்கும்.

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். போனில் எடுத்த படங்களை இவர் ஏற்கெனவே அண்ணன்மார்களுக்கு அனுப்பிவிட்டிருந்தார்.

"ஒக்காரட்டும் பாய்" என்றார்.

கம்பியின் நட்டை ஓர் இழை திருப்புவது, ஓட்டுவது, அக்கா நடப்பது, மறுபடி திருப்புவது. பதினேழுக்கு வந்ததும் பாய் போதும் என்றார். நான், காலியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்றேன். இருபது மூட்டையையும் இறக்கினார்கள். "இந்தம்மா கண்ணுல இனிமே படக் கூடாதுப்பா" என்று ஒருவர் முனகியது நன்றாகக் கேட்டது. காலி வண்டி நேராக நின்றது, பின்சக்கரம் இழுபடவில்லை. காற்றளவையும் பாரத்தையும் நான் ஓர் அட்டையில் எழுதி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பாய் சட்டைப்பையிலிருந்து பழங்களை எடுத்தார். ஒன்று நசுங்கியிருந்தது, கடைக்குள் போய் வேறு கொண்டுவந்தார்.

மறுநாள் காலையில் நானும் குழந்தையோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். அக்கா ஜன்னல் பக்கம். அவர் வீட்டுக்காரர் பைக்கில் பின்னால் வந்தார். வீட்டு வேலை போட்டது போட்டபடி கிடந்தது. எதற்கு நீ போகிறாய் என்று மாமியார் கேட்டார். பார்க்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

வழியில் வேகத்தடைகளிலும் பள்ளங்களிலும் வண்டி பழையபடி குதிக்கவில்லை. ஒருமுறை அமுங்கி எழுந்தது. அக்கா ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகத் தொங்கும் பொதிகளைப் பார்த்தார். பாதி வழிக்கு மேல் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, குழந்தையோடு விளையாட ஆரம்பித்தார்.

இறக்கம் வந்தது. நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வளைவில் திரும்பினால் பாலத்தின் மேல் ஒரு டிராக்டர், வைக்கோல் ஏற்றிக்கொண்டு, நகராமல் நின்றிருந்தது. இவர் மிதித்தார். மூக்கு குனியவில்லை. நான்கு சக்கரமும் சேர்ந்து தரையில் பதிவதை நான் உட்கார்ந்திருந்த இடத்தில் உணர்ந்தேன். வண்டி அலுங்காமல், பாலத்துக்கு நன்றாக முன்பே நின்றது.

டிராக்டருக்கும் எங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். ஒரு புடவை நீளமும் கொஞ்சமும். நேற்று மதியத்து வண்டியாக இருந்திருந்தால் அந்தக் கொஞ்சம்தான் மிச்சம் இருந்திருக்கும். அதற்கு மேல் கணக்குப் போட நான் விரும்பவில்லை.

இவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழந்தையின் தலையைத் தடவினார்.  டிராக்டர் நகர்ந்தது.

புது வீட்டு வாசலில் பொதிகளை இறக்கி, அக்கா வேட்டியைப் பிரித்தார். அரக்கு நிறப் பாவு, பச்சைக் கரை. விரல்களை இழைகளின் மேல் வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிக்கொண்டே போனார். இரண்டாவது தறியையும் அப்படியே பார்த்தார். "நாளைக்கே நெய்யலாம்" என்றார்.

சாமான் இறக்க வந்த பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு பிக்கப் வைத்திருப்பவர். இன்னும் கட்டைகள் இறங்காத எங்கள் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, பலூனைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா, பலூன் போட்டும் பின்னாடி ஒக்காந்துகினு கீது? காத்து பத்தலையா?"

"பத்தும்" என்றார் இவர். "ரெண்டு வெரல் ஒக்காரணும். அப்பதான் பிரேக் ஒழுங்கா புடிக்கும். ஏன்னு தெரியணும்னா எங்க வூட்டம்மாவக் கேளு. அவங்கதான் அளந்தாங்க."

அந்த மனிதர் என்னைப் பார்த்துத் திரும்பினார். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மெதுவாக, தப்பில்லாமல் சொல்ல வேண்டுமே என்ற பயத்தோடு, முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தேன். இவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.